வீடுகளின் வயதைக் குறைத்தவர்

ஹேலட் முனையில் ஒரு பெண்மணியிடம் வயதைக் கேட்டுவிட்டு உயிரோடு திரும்பலாம். வீட்டின் வயதைக் கேட்டு, பதில் வந்ததும் புருவத்தை உயர்த்தியவர் திரும்பியதில்லை. எங்கள் ஊரில் கடல் இருக்கிறது, சிங்கி இறால் இருக்கிறது, மூன்று தேவாலயங்கள் இருக்கின்றன. ஆனால் விருந்தாளி வந்தால் நாங்கள் காட்டுவது உத்தரத்தை. அதைத் தடவிக்கொடுத்து, அண்ணாந்து பார்த்து, ஒரு வருஷத்தைச் சொல்வோம். விருந்தாளி 'அடேயப்பா' என்ற பிறகுதான் சாப்பாடு. இப்படிப்பட்ட ஊரில் ஓரின் டில்சன் இரண்டே வருஷத்தில் முப்பத்தெட்டு வீடுகளின் வயதைக் குறைத்தார். அதற்குப் பிறகும் இருபது வருஷம் இங்கேயே வாழ்ந்து, தன் படுக்கையிலேயே இறந்தார்.

ஓரின் படித்த ஆராய்ச்சியாளர் இல்லை. பாய்லர் பழுதுபார்ப்பவர். எங்கள் பக்கம் குளிர் வந்து உட்கார்ந்தால் ஆறு மாதம் எழுந்திருக்காது. அந்த ஆறு மாதமும் ஒவ்வொரு வீட்டு நிலவறையிலும் ஒரு பாய்லர் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் ஓரினுக்குத்தான் தொலைபேசி வரும். முப்பத்தொரு வருஷமாக அவர் ஊரின் நிலவறைகளில் தவழ்ந்துகொண்டிருந்தார். சரித்திரம் பேசும் மற்றவர்கள் எல்லோரும் வீட்டை முன்வாசலிலிருந்து பார்த்தவர்கள். ஓரின் அடிவயிற்றிலிருந்து பார்த்தவர்.

பாய்லரை இருபது நிமிஷத்தில் சரிசெய்துவிடுவார். பிறகு இரண்டு மணி நேரம் மேலே வரமாட்டார். ஒரு தடவை என் வீட்டிலேயே நடந்தது. படியில் நின்று கீழே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"ஓரின், இன்னும் முடியலையா?"

"பாய்லர் அப்பவே முடிஞ்சுது முரியல். புகைபோக்கியோட அடிக்கல்லை அளந்துட்டிருக்கேன்."

"அய்யோ, அதுல என்ன கோளாறு?"

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா கட்டியிருக்கான்."

சட்டைப்பையில் மடக்கு அளவுகோல், காதில் பென்சில், கையில் எண்ணெய்க் கறை படிந்த நோட்டுப்புத்தகம். எந்த மரம் வாய்ச்சியால் செதுக்கியது, எது ரம்பத்தால் அறுத்தது, எந்த ஆணி கொல்லன் அடித்தது, எது இயந்திரம் வெட்டியது, எல்லாவற்றையும் படம் போட்டு எழுதிவைப்பார். யாரும் கேட்கவில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை. அவர் மனைவி வெர்னா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள். நூலகத்தில் நான் புத்தகம் அடுக்கிக்கொண்டிருக்கும்போது வந்து, மேஜைமேல் சாய்ந்துகொண்டு சொல்வாள்: "முப்பது வருஷமா இந்த மனுஷனோட குடும்பம் நடத்துறேன். ஒரு நாளாவது என் தோளைத் தடவி, 'ஆகா, இது கையால செதுக்கினது'ன்னு சொல்லியிருக்காரா கேளு."

1974-இல் அமெரிக்கா, இரண்டு வருஷத்தில் வரவிருந்த தன் இருநூறாவது பிறந்தநாளுக்குத் தயாராகத் தொடங்கியது. ஊருக்கு ஊர் விழாக்குழு. எங்கள் குழுவுக்கு மிஸஸ் அகஸ்டா லோரிங் தலைவி. அவரைத் தலைவியாக யாரும் தேர்ந்தெடுத்ததாக எனக்கு நினைவில்லை, நான் செயலாளர் என்பதால் எனக்கு நினைவிருந்திருக்க வேண்டும். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் குறிப்பில் எழுதிக்கொண்டோம்.

லோரிங் வீடு ஊரின் நடுவில், புல்வெளிக்கு எதிரே. வாசலுக்கு மேலே தங்கமுலாம் பூசிய கழுகு. மேல்மாடி கீழ்மாடியைவிட ஓரடி முன்னால் தள்ளி நிற்கும். ஜன்னல்களில் சின்னச்சின்ன வைரவடிவக் கண்ணாடி. உள்ளே ஒரு மாட்டை நிறுத்திவைக்கிற அளவு கணப்பு, அதன் பக்கத்தில் யாரும் எப்போதும் சுற்றாத ராட்டை. வாசலில் '1672' என்று பித்தளை எண்கள். ஊரின் மிகப் பழைய வீடு அதுதான் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

குழுவின் திட்டம் எளிமையானது. எல்லாப் பழைய வீட்டுக்கும் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் ஒரு வருஷம். ஊர் முழுவதும் பார்த்துப் பதிவுசெய்ய பாஸ்டனிலிருந்து ஒரு கட்டடக்கலைஞரை வரவழைத்தோம். அவர் நல்ல சூட் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டாவது வீட்டு நிலவறையில் குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே காரில் படுக்கவைத்து அனுப்பிவிட்டோம். அப்போதுதான் நான் ஓரின் பெயரைச் சொன்னேன். தப்பு என்னுடையதுதான்.

"யாரு, பாய்லர்காரரா?" என்றார் மிஸஸ் லோரிங்.

"அவருக்கு ஊர்ல எல்லா நிலவறையும் தெரியும்."

"எலிக்கும்தான் தெரியும், முரியல்."

ஆனால் எலி படிவம் நிரப்பாது. ஓரினை நியமித்தோம்.

அவர் முதலில் பார்த்தது பல் டாக்டர் ஸ்னெல்லின் வீட்டை. வாசலில் 1710 என்று போட்டிருந்தார் டாக்டர். நான் குறிப்பெடுக்கக் கூடவே போயிருந்தேன். பரணில் மூவரும் குனிந்து நின்றோம். ஓரின் டார்ச்சைக் கூரைப் பலகையின்மேல் சாய்த்துப் பிடித்தார்.

"டாக்டர், இந்தப் பலகையில வளைவு வளைவா கோடு தெரியுதா?"

"தெரியுது. அழகா இருக்கு."

"வட்ட ரம்பம் அறுத்த கோடு அது. 1710-ல வட்ட ரம்பம் கிடையாது. அப்ப மேலயும் கீழயும் போற நேர் ரம்பம்தான். கோடும் நேரா விழும்."

"சரி, அப்ப இது எந்த வருஷம்?"

"ரயில் வந்தப்புறம்."

டாக்டர் பலகையைப் பார்த்தார். என் நோட்டைப் பார்த்தார். "பலகையைப் பிற்பாடு மாத்தியிருப்பாங்க."

"பலகையை மாத்தலாம். தூணு, உத்தரம், கூரை, ஆணி எல்லாத்தையும் மாத்தினா அதுக்குப் பேரு புது வீடு."

"ஓரின், உங்க கடவாய்ப்பல் ஒண்ணை அடுத்த வாரம் நான் பிடுங்கணும். ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அதை மனசுல வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை நல்லாப் பாருங்க."

ஓரின் நேர்மையான ஆள். கேட்டுக்கொண்டபடி இன்னொரு தடவை நல்லாப் பார்த்தார். பிறகு படிவத்தில் '1850 வாக்கில்' என்று எழுதினார். பல்லைப் பக்கத்து ஊரில் பிடுங்கிக்கொண்டார்.

அப்படியே தெருத்தெருவாகப் போயிற்று. ஒரு வீட்டுக்கு நாற்பது வருஷம் குறைந்தது, ஒரு வீட்டுக்கு நூறு. போர்த் தளபதி ஒருவர் படுத்துறங்கியதாகச் சொன்ன அறை, அந்தத் தளபதி இறந்து பதினெட்டு வருஷம் கழித்துக் கட்டியது என்று தெரிந்தது. ஆணும் பெண்ணுமாக ஆட்கள் நூலகத்துக்கு வந்து என்னிடம் முறையிட்டார்கள். எதிர்வீட்டை விடத் தன் வீடு இரண்டு வருஷம் மூத்தது என்பதை வைத்தே வாழ்நாளை ஓட்டியிருந்த மிஸ் க்ரோவெல், இரண்டு வீட்டையும் ஒரே தச்சன் ஒரே வெயில்காலத்தில் கட்டியிருக்கிறான் என்று கேட்டதும் என் மேஜையிலேயே அழுதுவிட்டார்.

குழு கூடிப் பேசியது. 'ஏறத்தாழ' என்ற சொல்லை எல்லாப் பலகையிலும் வருஷத்துக்கு முன்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் ஸ்னெல் முன்மொழிந்தார். எவ்வளவு தூரம்வரை ஏறலாம், எவ்வளவு தூரம்வரை தாழலாம் என்று ஓரின் கேட்டார். அந்தக் கேள்வி குறிப்பில் இடம்பெற வேண்டாம் என்று தலைவி சொன்னார். தீர்மானம் ஏழு பேரும் கைதூக்க நிறைவேறியது.

1975 கோடையில் இன்னொரு பிரச்சினை வந்தது. பழைய வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் பேருந்து பேருந்தாக வருவார்கள், அந்தப் பேருந்துகளை எங்கே நிறுத்துவது? குழு வரைபடத்தைப் பிரித்துப் பார்த்து, மீன் சந்தின் கடைசியில் இருக்கும் ஃபுர்ட்டாடோ வீட்டின்மேல் விரலை வைத்தது. அதை ஊர் எடுத்துக்கொண்டு இடித்துத் தள்ளினால் பதினாறு பேருந்து நிற்கும்.

ஜெர்வாசியோ ஃபுர்ட்டாடோ மீன்பிடிப் படகில் வேலைபார்ப்பவர். அவரும் மனைவி இடலினாவும் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்தவர்கள். வீடு முழுவதும் வெளிர்பச்சை அலுமினியத் தகடு. கூரையில் தொலைக்காட்சிக் கம்பி. முன்னால், பழைய குளியல் தொட்டியைப் பாதிக்குமேல் மண்ணில் செங்குத்தாகப் புதைத்து, அந்த வளைவுக்குள் நீலநிற மாதா சிலை. "கண்ணை உறுத்துது," என்றார் மிஸஸ் லோரிங். "ஓரின், அதுக்கும் ஒரு படிவம் வேணும். 'மதிப்பு ஒன்றுமில்லை'ன்னு ஒரு வரி எழுதினாப் போதும்."

ஓரின் ஒரு வரி எழுதப் போனார், குறிப்பெடுக்க நானும் போனேன். இடலினா கீரையும் உருளைக்கிழங்கும் காரப் பன்றியிறைச்சியும் போட்டு சூப் காய்ச்சிக்கொண்டிருந்தார். எங்களை உட்காரவைத்துக் கிண்ணத்தை நீட்டினார். ஜெர்வாசியோ வீட்டின் குறைகளை அடுக்க ஆரம்பித்தார்.

"ஒரு ஆப்பிளை இங்க சமையலறையில கீழ வெச்சேன்னு வெச்சுக்க, அது தானா உருண்டு ஹாலைத் தாண்டி வாசலுக்குப் போயி நிக்கும். சுவர்ல ஆணி அடிச்சா களிமண்ணும் வைக்கோலும் கொட்டுது. எந்தப் பைத்தியக்காரன் சுவருக்குள்ள வைக்கோல் வெப்பான்?"

ஓரினின் கரண்டி அப்படியே நின்றது. "வைக்கோலா?"

"வைக்கோல்தான். நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"ஜெர்வி, மேல அடிச்சிருக்கிற அட்டைத்தட்டில ஒரே ஒரு துண்டைக் கழட்டிப் பார்க்கலாமா?"

"கழட்டினா நீங்கதான் திரும்ப மாட்டணும், சென்யோர் ஓரின்," என்றார் இடலினா. "சூப்புக்குள்ள தூசி விழுந்தா அதையும் நீங்கதான் குடிக்கணும்."

ஓரின் ஏணிமேல் ஏறி, அட்டைத்தட்டு ஒன்றைக் கழற்றி, தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் தலை வெளியே வரவில்லை. காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. ஒரு நாற்காலி கேட்டார்.

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்று இடலினா பதறினார்.

"இடலினா, உங்க தலைக்கு மேல ஒரு நடு உத்தரம் ஓடுது. ஓரடிக்கு மேல அகலம். ரெண்டு விளிம்பையும் சீவி, முனையில நாக்கு மாதிரி வளைச்சு முடிச்சிருக்கான். இந்த ஊருன்னு ஒண்ணு ஏற்படறதுக்கு முன்னாடி ஏத்தின உத்தரம் அது. ஹேலட் முனையிலயே பழைய வீடு நீங்க இருக்கிற வீடுதான்."

ஜெர்வாசியோ மேலே பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "அப்ப இடிக்கமாட்டாங்களா?"

"இடிக்க முடியாது. ஆனா..."

"ஆனா என்ன?"

"வெளியில அந்தப் பச்சைத் தகடு இருக்கே, அதைப் பத்திப் பேசுவாங்க."

"பேசட்டும். வேற?"

"அலுமினியக் கதவைப் பத்திப் பேசுவாங்க. டிவி கம்பியைப் பத்திப் பேசுவாங்க."

இடலினா கரண்டியைக் கீழே வைத்தார். "மாதாவைப் பத்தி?"

ஓரின் ஜன்னல் வழியே சிலையைப் பார்த்தார். "மாதாவைப் பத்தியும்தான்."

"அப்ப இடிக்கட்டும்," என்றார் இடலினா.

அவரைச் சமாதானப்படுத்த மூன்று கிண்ணம் சூப் தேவைப்பட்டது. மாதாவைத் தொட விடமாட்டேன் என்று ஓரின் சத்தியம் செய்துகொடுத்தார். பிறகு மூன்று வாரம் அந்த வீட்டிலேயே கிடந்தார். டேப்பின் ஒரு முனையை இடலினா பிடிப்பார், மறுமுனையை ஓரின். மேலே போகப்போகப் பருக்கும் மூலைத்தூண்கள், ஒன்றுபோல் ஒன்று இல்லாத கொல்லன் ஆணிகள், தூண்களுக்கு நடுவே அந்தக் காலத்து வழக்கப்படி வைக்கோல் கலந்து அடைத்த களிமண், எல்லாம் பன்னிரண்டு பெரிய தாள்களில் படமாயின. என் பங்குக்கு நான் ஊராட்சி அலுவலகத்தின் பழைய பெட்டிகளைக் கிளறினேன். 1691-இல் இறந்துபோன ஒரு தச்சனின் விதவைக்கு எழுதிக்கொடுத்த பாகப்பத்திரம் அகப்பட்டது. மீன் சந்து, ஓடைக்கரை, ஒரு கூடம், ஒரு உள்ளறை, மேலே இரண்டு அறை என்று அதில் எழுதியிருந்தது. ஃபுர்ட்டாடோ வீட்டை அளந்து எழுதியது மாதிரியே இருந்தது.

"சரி, எந்த வருஷம்னு போடறது?" என்று கேட்டேன்.

"தெரியலை. 1691-க்கு முன்னாடி. எவ்வளவு முன்னாடின்னு தெரியலை."

"நம்ம ஊர்ல யாரும் இதுவரைக்கும் 'தெரியலை'ன்னு படிவத்தில எழுதினதில்ல, ஓரின்."

"அதனாலதான் எல்லாரோடதும் தப்பா இருக்கு."

ஒரே ஒரு படிவம் பாக்கியிருந்தது. லோரிங் வீட்டினுடையது. ஓரின் அதை எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வலி என்பார், மழை என்பார், ஒரு தடவை டார்ச்சில் பேட்டரி இல்லை என்றார். நவம்பரில் மிஸஸ் லோரிங் அவரைத் தெருவிலேயே மடக்கிவிட்டார். "அறிக்கையோட மகுடமே என் வீடுதான். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. முரியலும் வரட்டும்."

போனோம். தேநீர் வந்தது. தன் மாமனார் ஒரு கல்லைக்கூட அசைக்காமல் 1926-இல் வீட்டைப் புதுப்பித்த கதையை மிஸஸ் லோரிங் சொன்னார். அந்தக் கதையை நான் ஆறு தடவை கேட்டிருக்கிறேன். ஓரின் கணப்புக்கு மேலே ஓடிய பெரிய கறுத்த உத்தரத்தின் அடியில் போய் நின்றார். விரல் மடித்துத் தட்டினார். பீப்பாயைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம் வந்தது.

மிஸஸ் லோரிங் கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன அது?"

"உள்ள ஒண்ணுமில்ல, மேடம். நாலு பலகையை ஒண்ணா அடிச்சுப் பெட்டி மாதிரி செஞ்சு, கறுப்புச் சாயம் பூசியிருக்காங்க."

அவர் நம்பவில்லை. ஓரின் ஓரத்தில் ஒரு சின்னப் பலகையை நெம்பினார். உள்ளே பொட்டலம்போல் கசக்கித் திணித்திருந்த செய்தித்தாள். பிரித்துக் காட்டினார். 1926-ஆம் வருஷத்து பேஸ்பால் ஆட்ட முடிவுகள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முன்தள்ளிய மேல்மாடி மாமனார் ஒட்டவைத்தது. வைரக்கண்ணாடி மாமனார் வாங்கிப் போட்டது. வீடு நல்ல வீடுதான், உறுதியான வீடுதான், ஆனால் 1838 வாக்கில் ஒரு கயிறு வியாபாரிக்காகக் கட்டியது. மாமனார் அதை இருநூறு வருஷம் பின்னோக்கித் தள்ளுவதற்குள் கைசோர்ந்து, நூற்று அறுபத்தாறு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று மிஸஸ் லோரிங் கேட்டார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"1953 ஜனவரியில. உங்க பாய்லர் வெடிச்சுதே, அப்ப."

"இருபத்திரண்டு வருஷம்! ஏன் சொல்லலை?"

"நீங்க பாய்லரைப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "இந்தப் படிவத்தைக் காலியா விட்டுட முடியுமா?" என்றார்.

"பொய் எழுதமாட்டேன். ஆனா யாரும் கேக்காம ஊர்க்கூட்டத்தில நானா வாசிக்கவும் மாட்டேன்," என்றார் ஓரின். எனக்குத் தெரிந்து அவர் செய்துகொண்ட ஒரே சமரசம் அது. வண்டியில் திரும்பும்போது வழியெல்லாம் அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

1976 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிக்கூட விளையாட்டுக்கூடத்தில் ஊர்க்கூட்டம். ஃபுர்ட்டாடோ வீட்டை எடுத்துக்கொள்வதா இல்லையா என்று ஓட்டு. அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. வயது குறைந்த முப்பத்தேழு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள், முன்வரிசையில். ஓரின் தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கிக்கு எட்டாத தூரத்தில் நின்று அறிக்கையை வாசித்தார். ஃபுர்ட்டாடோ வீடு 1691-க்கு முற்பட்டது, ஊரிலேயே பழையது என்றதும் கூடத்தில் சிரிப்பு. யாரோ, "அந்தப் பச்சை வீடா?" என்றார்கள். "தொட்டியும் பதினேழாம் நூற்றாண்டா?" என்றார் இன்னொருவர். இடலினா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் ஸ்னெல் எழுந்தார். "நண்பர் ஓரின் சொல்றது ரொம்ப சுவாரசியமா இருக்கு. ஆனா லோரிங் வீடு 1672. அப்ப இது எப்படிப் பழசு? இல்ல, லோரிங் வீட்டைப் பத்தியும் அவர் ஏதாவது எழுதிவெச்சிருக்காரா? வாசிக்கட்டுமே."

கேட்டாகிவிட்டது. ஓரின் தாள்களைப் புரட்டினார். மேடையில் உட்கார்ந்திருந்த மிஸஸ் லோரிங்கைப் பார்த்தார். அவர் எழுந்தார்.

"அவர் வாசிக்க வேண்டியதில்லை. நானே சொல்றேன். என் வீடு 1838. உத்தரத்துக்குள்ள பேஸ்பால் முடிவு இருக்கு. வேற கேள்வி இருக்கா, டாக்டர்?"

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்மேல் உண்மையான மரியாதை வந்தது. அது அடுத்த வாக்கியம் வரைக்கும் நீடித்தது.

"இந்த ஊரோட மிகப் பழைய வீட்டை நான் தலைமை தாங்குற குழு கண்டுபிடிச்சிருக்கு," என்று அவர் தொடர்ந்தார். "அதை இடிக்கணும்னு சில பேர் நினைச்சது எனக்கு ரொம்ப வேதனையா இருந்துச்சு. பேருந்து நிறுத்த இடம் வேணும்னா, டாக்டர் ஸ்னெல்லோட ஆப்பிள் தோட்டம் நல்லா சமதரையா இருக்கு."

இருநூற்றுப் பதினோரு பேர் வீட்டைக் காப்பாற்ற ஓட்டுப்போட்டார்கள். அறுபத்து நான்கு பேர் எதிர்த்தார்கள். அடுத்து, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தான் விரும்பும் வருஷத்தை 'ஏறத்தாழ' சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற தீர்மானம் வந்தது. அதை எதிர்த்தது ஐந்தே பேர்: ஓரின், வெர்னா, நான், ஃபுர்ட்டாடோ தம்பதி. மறுநாள் மாவட்டப் பத்திரிகையில் முதல் பக்கத்தில், 'மிஸஸ் லோரிங் கண்டெடுத்த புதையல்' என்று வந்தது. ஆறாவது பத்தியில் 'பாய்லர் தொழிலாளி ஓரன் டில்டன் உதவினார்' என்று எழுதியிருந்தார்கள்.

"டில்டன் யாரு?" என்றார் ஓரின், பத்திரிகையைப் படித்துவிட்டு.

"உன்னைவிட நல்ல ஆளு போல. பேர் பத்திரிகையில வருது," என்றாள் வெர்னா.

வீட்டைக் காப்பாற்றிய குழுவுக்கு அடுத்து அதைப் புதுப்பிக்கும் ஆசை வந்தது. மிஸஸ் லோரிங்கும் இரண்டு உறுப்பினர்களும் இடலினாவின் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். 1690-இல் இருந்தபடியே வீட்டை மாற்றிவிடலாம், பிற்காலத்தில் வந்ததையெல்லாம் எடுத்துவிடலாம் என்றார்கள். குளியலறை பிற்காலத்தில் வந்தது. மின்விளக்கு பிற்காலத்தில் வந்தது.

"இந்தச் சமையலறைகூட 1690-ல இல்ல," என்று மிஸஸ் லோரிங் கனிவோடு விளக்கினார்.

"நானும்தான் இல்ல," என்றார் இடலினா. "என்னையும் எடுத்துடுவீங்களா?"

கடைசியில் ஓரின் ஒரு வழி சொன்னார். கூடம் ஒன்றை மட்டும் திறப்பது. அடிக்கட்டைகள் உளுத்திருந்த இடத்தில் மட்டும் புது ஓக் மரத்தை ஒட்டுப்போடுவது. பச்சைத் தகட்டைத் தொடக் கூடாது, அதுதான் இருபது வருஷமாக மழையிலிருந்து வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது. இந்தக் காரணத்தை மிஸஸ் லோரிங் இரண்டு தடவை சொல்லச்சொல்லிக் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். ஜெர்வாசியோவும் ஓரினும் சேர்ந்து சுவரை உடைத்தார்கள். அலங்காரமான சின்னக் கணப்பு ஒன்றுக்குப் பின்னால் நடுத்தரக் கணப்பு ஒன்று. அதற்கும் பின்னால் ஆள் நுழையும் அகலத்தில் முதல் கணப்பு. அதன் பின்சுவரில் ரொட்டி சுடும் அடுப்பு, கல் பெயராமல் முழுசாக. ஓரின் அதற்குள் தலையை விட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தபோது, இடலினா ஈஸ்டர் இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைய ஆரம்பித்துவிட்டார். அந்த அடுப்பிலேயே தீயும் மூட்டினார்; புகைபோக்கியின் உச்சியில் பறவைக்கூடு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது. வந்த நால்வரும் ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கோடையில் பேருந்துகள் வந்தன. பார்வையாளர்கள் மீன் சந்துக்குள் நடந்து வந்து, பச்சைத் தகட்டையும் குளியல் தொட்டியையும் பார்த்துவிட்டு, வழி தவறிவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போனார்கள். மிஸஸ் லோரிங் சொன்ன சொல் தவறாமல் 1838 என்று பலகை மாட்டியிருந்தார். அதைப் படித்தவர்கள் நடையைக் குறைக்காமல் கடந்துபோனார்கள். அந்த வருஷம் ஹேலட் முனையில் அதிகம் படமெடுக்கப்பட்டது, 'ஏறத்தாழ 1710' என்ற பலகையோடு நின்ற டாக்டர் ஸ்னெல்லின் வீடுதான். டாக்டர் அந்தக் காலத்து மூன்றுமூலைத் தொப்பி வைத்துக்கொண்டு வாசலில் நின்று கதை சொன்னார்.

செப்டம்பரில் மிஸஸ் லோரிங் ஓரினைக் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை தேநீர் இல்லை, உடைப்பதற்கு ஒரு கடப்பாரையை அவரே தயாராக வைத்திருந்தார். "இந்தப் பெட்டி உத்தரம், அந்த மாடி, இந்த ஜன்னல், எல்லாத்தையும் பிச்சு எறிஞ்சுடுங்க. கயிறு வியாபாரி கட்டின மாதிரியே வேணும்."

ஓரின் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். "வேண்டாம், மேடம்."

"ஏன்? பொய்தானே?"

"நல்ல தச்சு வேலை. ஐம்பது வருஷம் ஆச்சு. போன வாரம் பாய்லர் பார்க்க வந்தப்ப இதையும் அளந்து எழுதிட்டேன். 1926-ல ஒரு மனுஷன் தன் வீடு இப்படி இருக்கணும்னு ஆசைப்பட்டான், பாருங்க, அது பொய் இல்லையே."

மிஸஸ் லோரிங் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவைத்தார். "பேஸ்பால் தாளைத் திரும்ப உள்ளயே வெச்சுடுங்க," என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் பதினோரு வீட்டுக்காரர்கள் ஓரினை விட்டுவிட்டுப் பக்கத்து ஊர் ஆளை வைத்துக்கொண்டார்கள். ஜனவரி மத்தியில் கடல் ஓரம் உறைந்தபோது, மூன்று நாளில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். ஓரின் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. போனார், சரிசெய்தார், கீழேயே இரண்டு மணி நேரம் இருந்தார்.

எழுபது வயதுக்குப் பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. துறைமுகத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பார், ஜனங்கள் அவரைத் தேடிவந்து மேஜைமேல் ஆணியை வைப்பார்கள், பலகைத் துண்டை வைப்பார்கள். கோடைக்கு மட்டும் வரும் நியூயார்க்வாசி ஒருவர் பட்டுக் கைக்குட்டையில் சுற்றி ஒரு ஆணி கொண்டுவந்தார். ஓரின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்க வேலிக்கு நான் அடிச்சது," என்றார்.

1996 ஏப்ரலில், எழுபத்தொன்பதாவது வயதில் இறந்தார். நோட்டுப்புத்தகங்கள் நாற்பத்தேழு இருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அவற்றில் ஐம்பது வீடு இப்போது இல்லை, அந்தத் தாள்களில் மட்டும்தான் இருக்கின்றன. வெர்னா எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பேருந்திலேயே ஏற்றிக்கொண்டு வந்து நூலக வாசலில் இறக்கினாள். "உன்கிட்டயே வெச்சுக்க முரியல். என்னால அவரையே படிக்க முடியலை, இதை எங்க படிக்கிறது," என்றாள். சொல்லிவிட்டு, மேலே இருந்த நோட்டின் தூசியைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள்.

அவற்றைப் பிரித்து, படித்து, வரிசைப்படுத்தி, அட்டவணை போட எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. கையெழுத்து அவ்வளவு மோசம்.